பச்சைப் பொட்டு

தன்ஷிகாவுக்குக் கருத்து வரைபடம் பிடிக்கவில்லை என்று இயந்திரம் சொன்னது. பிடிக்கிறது என்று தன்ஷிகா சொன்னாள். இருவரில் யாரை நம்புவது என்ற கேள்வியே எங்கள் கல்லூரியில் எழவில்லை. இயந்திரத்துக்குச் சான்றிதழ் இருந்தது. அவளுக்கு இன்னும் வரவில்லை.

நான் பொன்னரசு. தாராபுரம் சாலையில் இருக்கிற ஒரு தனியார் செவிலியர் கல்லூரியில் புள்ளியியல் வாத்தியார். நர்சிங் படிக்க வந்த பிள்ளைகளுக்குச் சராசரியும் திட்ட விலக்கமும் சொல்லிக் கொடுக்கிற ஆளை எல்லோரும் மரியாதையாகத்தான் நடத்துவார்கள், ஆனால் யாரும் தேட மாட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டா என்றால் உண்டு. எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியாத உடம்பு வேறு. வகுப்பில் மார்க்கர் மூடியைத் திறந்து திறந்து மூடுவேன். வீட்டில் மனைவி, "ஒண்ணு உக்காருங்க, இல்ல வெளிய போங்க" என்பாள். பெரும்பாலும் வெளியே போய்விடுவேன்.

கருத்து வரைபடம் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நோயாளி ஒருவர் வருகிறார். சர்க்கரை ஒரு கட்டம், காலில் புண் ஒரு கட்டம், போடுகிற ஊசி ஒரு கட்டம், தலைசுற்றல் ஒரு கட்டம். எது எதனால் வந்தது என்று கட்டங்களுக்கு நடுவில் அம்பு போட வேண்டும். அம்பின் மேல் 'இதனால் கூடும்', 'இதனால் குறையும்' என்று எழுத வேண்டும். மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற பிள்ளைகளை யோசிக்க வைப்பதற்காக வந்த முறை அது. நல்ல முறை. அதோடு எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை பொட்டோடுதான்.

முன்பெல்லாம் ஒரு பாடமுறை மாணவர்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் வினாத்தாள் கொடுப்போம். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். வாத்தியார் மனம் நோகக் கூடாதென்று எல்லாம் பிடிக்கும் என்று எழுதிவிடுவார்கள். எங்கள் பிரின்சிபால் எஸ்தர் கிளாடிஸ் மேடம் இதில் நொந்துபோய், "வாய் பொய் சொல்லும் பொன்னரசு சார், தோல் சொல்லாது" என்று ஆரம்பித்த ஆராய்ச்சியில் பிறந்ததுதான் நாட்டமானி. புருவ மத்தியில் ஒட்டிக்கொள்கிற சின்ன வட்டம். நெற்றியின் ஈரம், நாடித்துடிப்பு, தசைச் சுருக்கம் எல்லாவற்றையும் பார்த்து, செய்கிற வேலையில் மனம் ஒன்றியிருந்தால் பச்சையாக எரியும். ஒன்றாவிட்டால் சிவப்பு. இரண்டுக்கும் நடுவில் மஞ்சள். பிள்ளைகள் முதல் நாளே அதற்குப் பொட்டு என்று பெயர் வைத்தார்கள். பொட்டு வைக்காத வீட்டுப் பிள்ளைகள் முறையிட்டதும் காதுக்குப் பின்னால் ஒட்டுகிற மாதிரி ஒன்று வந்தது. அதற்கும் பெயர் பொட்டுதான்.

அளப்பதோடு நின்றிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். வரைபடம் பிடித்தவர்கள் நன்றாகப் படிக்கிறார்கள், ஆகவே நன்றாகக் கவனிப்பார்கள், ஆகவே பச்சைப் பொட்டுக்காரி நல்ல நர்ஸ் என்று இரண்டு 'ஆகவே'யில் விஷயம் எங்கேயோ போய்விட்டது. ஆஸ்பத்திரிகள் பச்சைப் பிள்ளைகளாகப் பார்த்து வேலைக்கு எடுத்தன. வார்டில் நோயாளிகளே, "அந்தப் பச்சை எரியற பாப்பாவை வரச் சொல்லுங்க" என்றார்கள். கல்யாணத் தரகர் ஒருவர் ஜாதகத்தோடு பொட்டின் சராசரியையும் கேட்டதாகக் கேள்வி. சிவப்புப் பிள்ளைகளுக்கு நாட்ட வகுப்பு என்று ஒன்று மாலையில் நடந்தது. அதற்கும் மசியாதவர்கள் கடைசி ஆண்டு மதிப்பீட்டில் நின்றுவிடுவார்கள். நின்றால் ஒரு வருஷம் போச்சு. மறு வருஷமும் சிவப்பு என்றால் படிப்பே போச்சு.

தன்ஷிகா கடைசி ஆண்டு. போன வருஷம் ஏற்கெனவே ஒருமுறை நின்றவள். மதிப்பீடு வருகிற வெள்ளிக்கிழமை.

அவளை என்னிடம் அழைத்து வந்தது பெனினா, வார்டில் பயிற்சி தருகிற டியூட்டர். இதே கல்லூரியில் படித்து இங்கேயே வேலைக்குச் சேர்ந்த பெண்.

"சார், நீங்கதான் நம்பர் தெரிஞ்சவங்க. இவ பொட்டுல என்ன கோளாறுன்னு பாருங்க. நாலு பொட்டு மாத்தியாச்சு. எல்லாத்துலயும் சிவப்பு."

தன்ஷிகா காங்கேயத்துப் பெண். ஒல்லியான உடம்பு, பெரிய கண்கள், பேசும்போது இரண்டு கையையும் பிசைந்துகொண்டாள். "எனக்கு மேப் போடறதுன்னா உசுருங்க சார். நாட்ட வகுப்புல உக்கார வெச்சு, மேப்பை வெறுக்காதே வெறுக்காதேங்கறாங்க. நான் எங்கீங்க சார் வெறுக்கறேன்?"

"அப்புறம் ஏம்மா சிவப்பு வருது?"

"அதைத்தானுங்க நானும் கேக்கறேன்."

சொல்லும்போது அழவில்லை. கோபமாகத்தான் இருந்தாள். அது எனக்குப் பிடித்தது. வா, வார்டில் நீ போடுவதைப் பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

பெண்கள் வார்டில் நாச்சம்மாள் என்று ஒரு அம்மா படுத்திருந்தார். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, காலில் ஆறாத புண். இரண்டு நாளாகத் தலைசுற்றல். முந்தின நாள் பாத்ரூமில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். வகுப்பு முழுக்க அவருக்கு வரைபடம் போட்டிருந்தார்கள். இன்சுலினால் சர்க்கரை இறங்குகிறது, சர்க்கரை இறங்குவதால் தலை சுற்றுகிறது. சுத்தமான அம்புகள். வகுப்பில் முதலாவதாக வருகிற பெண் அதைப் போட்டபோது பொட்டு நல்ல பச்சையாக எரிந்ததாம்.

தன்ஷிகா அதே அம்பைப் போட்டாள். பச்சை எட்டிப் பார்த்தது. உடனே நெற்றியைச் சுருக்கினாள். மஞ்சள். அம்பை அழித்தாள். கட்டிலைச் சுற்றி வந்தாள்.

"ஆத்தா, தல எப்பச் சுத்துது? சாப்பிடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"சாப்புட்டுட்டு எந்திரிச்சாத்தான் அம்மிணி."

"சாப்புட்டா சக்கரை ஏறத்தானே செய்யும்," என்று தனக்குள் முனகினாள். இன்னொரு அம்பு போட்டு அதையும் அழித்தாள். உதட்டைக் கடித்தாள். இந்த நேரத்தில் பொட்டு நெருப்புத் துண்டு போல எரிந்தது. பக்கத்துக் கட்டில் அம்மாள் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஆத்தா, ஆஸ்பத்திரி மாத்திரை போக வேற ஏதாச்சும் போடறீங்களா?"

"இல்ல கண்ணு. எம்பட மாத்திரை மட்டுந்தான். தலகாணிக்கு அடியில இருக்குது பாரு. அதைய முழுங்காட்டி எனக்கு ஆகாது."

எடுத்துப் பார்த்தால் வீட்டிலிருந்து கொண்டு வந்த ரத்தக்கொதிப்பு மாத்திரை. அட்டையில் வேறு பெயர். உள்ளே இருந்தது ஆஸ்பத்திரியில் காலையில் கொடுக்கிற அதே மருந்து. பாவம், அந்த அம்மா இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார். படுத்திருந்தவர் எழுந்தால் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி, தலை சுற்றி, விழுந்திருக்கிறார். தன்ஷிகா போய் டூட்டி டாக்டரைக் கூட்டி வந்தாள். அவர் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். மாத்திரை நிறுத்தப்பட்டது.

என் கையிலிருந்த டேப்லெட் திரையில் தன்ஷிகாவின் கணக்கு வந்தது. கருத்து வரைபடத்தின் மீதான நாட்டம்: மிகக் குறைவு. அந்த ஆண்டிலேயே அவள் வாங்கிய மோசமான மதிப்பெண் அது.

என்னால் உட்கார முடியவில்லை. கேண்டீனில் டீயை வாங்கி ஆறவைத்துக்கொண்டு இங்குமங்கும் நடந்தேன். பெனினா எதிரில் உட்கார்ந்து வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"பெனினா, பச்சைன்னா பிடிக்கும், சிவப்புன்னா பிடிக்காதுன்னு அந்தப் பொட்டுக்கு எப்படித் தெரியும்? யாரோ சொல்லிக் கொடுத்திருக்கணும்ல?"

"எங்க பேட்ச்தான் சார். மேடத்தோட பி.எச்.டி.க்கு எங்க எல்லாருக்கும் முதன்முதலா ஒட்டினாங்க. ஆடிட்டோரியத்துல உக்கார வெச்சு, மேப் போடறதைப் பத்தி ஒரு வினாத்தாள் குடுத்தாங்க. நாங்க டிக் போடப் போட, நெத்தி என்ன சொல்லுதுன்னு பதிவு பண்ணிக்கிட்டாங்க."

"அதாவது, ரொம்பப் பிடிக்கும்னு டிக் போட்டவங்க நெத்தி எப்படி இருந்துச்சோ, அதுதான் பச்சை."

"ஆமா சார்."

"எத்தனை பேர் பிடிக்கும்னு போட்டீங்க?"

பெனினா சிரித்தாள். "எல்லாருமேதான். கிளாஸ் ரெப் முன்னாடியே சொல்லிட்டா. மேடம் மேடையில நிக்கறாங்க, எல்லாரும் கடைசிக் கட்டத்துல நேராப் போட்டுருங்கடி, பஸ்ஸுக்கு வேற டைம் ஆச்சுன்னு. கடகடன்னு மேல இருந்து கீழ வரைக்கும் டிக் போட்டுட்டு ஓடிட்டோம். எப்பவும் அப்படித்தானே சார்?"

நான் நடையை நிறுத்தினேன். "எல்லாக் கேள்விக்கும் 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்'?"

"ஆமா."

"'கருத்து வரைபடம் போடுவது நேர விரயம்'னு நடுவுல ஒரு கேள்வி வருமே, அதுக்கு?"

பெனினாவின் கை வடையில் நின்றது. "அப்படி ஒண்ணு இருந்துச்சா?"

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அடக்க முடியாமல் சிரித்தேன். கேண்டீன்காரர் எட்டிப் பார்த்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"பாரும்மா, அந்த மாதிரிக் கேள்வியைத் திருப்பிப் போட்ட கேள்வின்னு சொல்வோம். வேணும்னே நடுவுல சொருகுவாங்க. பிடிக்கும்னும் டிக், நேர விரயம்னும் டிக் போட்டிருந்தா, அந்த ஆள் படிக்கவே இல்லைன்னு அர்த்தம். அந்தத் தாளைத் தூக்கி எறிஞ்சுரணும்."

"எறிஞ்சா ஒருத்தரும் மிஞ்ச மாட்டோமே சார்."

"அதனாலதான் எறியலை. மொத்தமா கூட்டிப் போட்டுட்டாங்க. உங்க எல்லார் நெத்தியும் நாட்டம்னு பதிவாகிருச்சு. பொட்டு கத்துக்கிட்டது என்ன தெரியுமா? பிடிக்கறதை இல்ல. படிக்காம டிக் போடறவங்களோட நெத்தியை. மேடம் மேல மரியாதை, மனசுல பஸ்ஸு, தலைக்குள்ள ஒண்ணும் ஓடலை. அதுதான் பச்சை. அந்த நெத்திக்கு மாறாத் தெரியறதெல்லாம் சிவப்பு. கேள்வியை நிஜமாப் படிச்சு, இது சரியா தப்பான்னு ஒருத்தி முழிச்சான்னா, அதுவும் சிவப்பு."

பெனினா வடையைத் தட்டில் வைத்துவிட்டாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, அந்தப் பூதத்தை நாங்கள் ஒவ்வொரு நெற்றியிலும் ஒட்டி வைத்திருந்தோம். என் கல்லூரியில் மட்டுமல்ல. எங்கள் பொட்டு வெளியூருக்கெல்லாம் போயிருந்தது.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பிரின்சிபால் அறைக்குப் போனேன். அங்கே சுந்தரவடிவேல் உட்கார்ந்திருந்தார். எங்கள் பிள்ளைகளைக் கூட்டமாக வேலைக்கு எடுக்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் குழுமத்தின் பணியாளர் பிரிவுத் தலைவர். வெள்ளைச் சட்டை, மெதுவான குரல். அவர் இருப்பதே நல்லது, அவருக்கும் தெரியட்டும் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நாச்சம்மாள் விழுந்ததையும் சொன்னேன்.

கிளாடிஸ் மேடம் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கே பாவமாக இருந்தது. கெட்ட மனுஷி இல்லை அவர். பிள்ளைகள் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் இதை ஆரம்பித்தார்.

"அஞ்சு வருஷ உழைப்பு பொன்னரசு சார்," என்றார். "அந்தப் பொண்ணுங்க எனக்காகப் பொய் சொல்வாங்கன்னு தெரிஞ்சுதான் மெஷினே வெச்சேன். அந்த மெஷினுக்கே பொய்யைச் சொல்லிக் கொடுத்துட்டேனா?"

"திருத்திரலாம் மேடம். மறுபடியும் வேற பேட்ச்சை வெச்சு, நீங்க மேடையில நிக்காம—"

"ஒரு நிமிஷம்," என்றார் சுந்தரவடிவேல். "எதைத் திருத்தப் போறீங்க?"

"பொட்டு தப்பா அளக்குதுங்க."

"எங்களுக்கு அப்படித் தோணலையே சார். மூணு வருஷமா பச்சை வர்ற புள்ளைங்களைத்தான் எடுக்கறோம். ரொம்பத் திருப்தி. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்யறாங்க. ஷிஃப்ட் மாத்தினா ஏன்னு கேக்கறதில்லை. டாக்டர் எழுதினதை ரெண்டாந்தடவை விசாரிக்கறதில்லை. நோயாளிங்களுக்கும் பதட்டம் இல்லை. சிரிச்ச முகமா இருக்கற நர்ஸைத்தானே யாருக்கும் பிடிக்கும்?"

"ரெண்டு மாத்திரையைச் சேத்து முழுங்கினாங்களே, அதைச் சிரிச்ச முகமா வேடிக்கை பாத்துச்சே ஒரு பச்சை?"

"அதுக்கு டாக்டர் இருக்கார், பார்மசி இருக்கு." அவர் குரல் ஏறவே இல்லை. "நீங்க சொல்றதைப் பாத்தா, மானி நல்லா வேலை செய்யுது. பேருதான் சரியில்லை. நாட்டம்னு போடாம, பணிப் பொருத்தம்னு போட்டுருவோம். அவ்வளவுதான். மேடம் ஆராய்ச்சிக்கும் ஒரு குறையும் வராது."

மேடம் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேசை மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தார். வேலியே பயிரை மேய்வதை நான் நின்றுகொண்டே பார்த்தேன். உட்காரும்படி யாரும் சொல்லவும் இல்லை.

"வெள்ளிக்கிழமை மதிப்பீட்டையாவது தள்ளி வைங்க மேடம். தன்ஷிகா போயிருவா."

"யுனிவர்சிட்டி தேதி சார், என் கையில இல்லை." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நல்ல பொண்ணுதான், எனக்கும் தெரியும். ஆனா பொட்டு சிவப்பா இருக்கும்போது நான் என்னன்னு சொல்லிப் பாஸ் போடறது? அவளுக்கு நாளைக்கு வேலை குடுக்கறவங்க கேட்டா?"

வேலை கொடுக்கிறவர் டீயை உறிஞ்சினார்.

வெளியே வந்து மைதானத்தைச் சுற்றினேன். நான் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. எழுதலாம், புகார் செய்யலாம், பத்திரிகைக்குப் போகலாம்; எல்லாம் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு. அதற்குள் இந்தப் பெண்ணைக் கரையேற்ற வேண்டும். வழி எனக்குத் தெரியும்.

பெனினாவும் நானும் தன்ஷிகாவைக் காலி வகுப்பறை ஒன்றில் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னோம். முழுக்கக் கேட்டாள். அவள் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. "அப்ப எனக்குக் கோளாறு இல்லீங்களா சார்?"

"இல்லம்மா. உனக்கு ஒரு கோளாறும் இல்லை."

"அப்புறமென்னங்க, மேடத்துகிட்டச் சொல்லிட்டீங்கல்ல?"

சொன்னதையும் நடந்ததையும் சொன்னேன். அவள் கைகளைப் பிசைய ஆரம்பித்தாள்.

"வெள்ளிக்கிழமை பச்சை வர வைக்கணும் தன்ஷிகா. வழி இருக்கு. நோயாளி விவரத்தைக் கொடுப்பாங்க. படிக்காதே. மேலோட்டமாப் பாரு. மொதல்ல தோணற அம்பைப் போடு. சரியான்னு பாக்காதே. அடுத்த கட்டத்துக்குப் போயிரு. மனசுல பஸ்ஸைப் பிடிக்கணும்னு நெனச்சுக்கோ."

"அதெப்படிங்க சார்? அந்த ஆளுக்கு என்னன்னு தெரியாம அம்பு போட முடியுமா?"

"பரீட்சை நோயாளிதானே, நெசமான ஆளு இல்லையே," என்றாள் பெனினா.

"யோசிக்கவே கூடாதுங்களா?"

"வெள்ளிக்கிழமை மட்டும்," என்றேன். "ஒரே ஒரு நாள். பாஸ் பண்ணிட்டு வெளிய போயி எவ்வளவு வேணா யோசி."

அவள் தலை குனிந்துகொண்டாள். அவள் அப்பா காங்கேயத்தில் லாரி ஓட்டுகிறார். போன வருஷம் நின்றதையே அவர் அக்கம்பக்கத்தில் சொல்லவில்லை என்று பெனினா சொல்லியிருந்தாள். கடைசியில் நிமிர்ந்து, "சரிங்க சார், ஒரு தடவை பாக்கலாமுங்க" என்றாள்.

முதல் தடவை சிவப்பு. இரண்டாம் தடவையும். அம்பு போட்டதும் அவள் கண் தானாகத் திரும்பி அதன் மேல் போனது. "திரும்பிப் பாக்காதே!" என்று நான் கத்தினேன். பாடம் சொல்லிக் கொடுக்கிற வாழ்க்கையில் ஒரு பிள்ளையைப் பார்த்து அப்படிக் கத்துவேன் என்று நினைத்ததே இல்லை. மஞ்சள் வந்தது. மறுபடி சிவப்பு. மறுபடி மஞ்சள். சாயங்காலம் ஆகும்போது, சட்டென்று, அவள் நெற்றியில் பச்சை ஏறி நின்றது.

பெனினா கைதட்டினாள். தன்ஷிகா எங்கள் இருவரையும் பார்த்தாள். முகத்தில் அத்தனை நாளாக இருந்த சுருக்கம் போயிருந்தது. இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் முகம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது.

"ரொம்ப லேசா இருக்குங்க சார்," என்றாள், கொஞ்சம் ஆச்சரியமாக.

வெள்ளிக்கிழமை பாஸ் செய்தாள். சும்மா பாஸ் இல்லை, அந்த ஆண்டின் உயர்ந்த மதிப்பெண். கிளாடிஸ் மேடம் அவளைக் கட்டிக்கொண்டார். நாட்ட வகுப்பின் வெற்றி என்று செய்திமடலில் படம் வந்தது. சுந்தரவடிவேலே நேரில் வந்து வேலைக்கான ஆணையைக் கொடுத்தார். தன்ஷிகாவின் அப்பா லாரியை வெளியே நிறுத்திவிட்டு, என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அன்று வீட்டில் போய் உட்கார்ந்தேன். மனைவி தொட்டுப் பார்த்து, காய்ச்சலா என்று கேட்டாள்.

புகாரும் எழுதினேன். எழுதிய இடங்களிலிருந்தெல்லாம் பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. பொட்டின் பெயர் பணிப் பொருத்தமானி என்று மாறியது. முன்பு வகுப்பிலும் வார்டுப் பயிற்சியிலும் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது, இப்போது வேலை நேரம் முழுக்க ஒட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரிகள் விதி போட்டன. திட்ட விலக்கம் நடத்திக்கொண்டிருந்த நான் அந்தச் செய்தியைப் படித்தபோது மார்க்கர் மூடி கையிலிருந்து விழுந்து எங்கேயோ உருண்டுவிட்டது.

பிறகு மழைக்காலம் வந்தது. என்னோடு வேலை பார்க்கிற ஒருவருக்குப் பித்தப்பையில் கல் எடுத்திருந்தார்கள். பார்க்கப் போன இடம் சுந்தரவடிவேலின் ஆஸ்பத்திரி. ஆரஞ்சைக் கொடுத்து, நலம் விசாரித்து, அவரும் தூங்கிப்போன பிறகு வராண்டாவில் நடந்துகொண்டிருந்தேன்.

"சாருங்களா!"

தன்ஷிகா. கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். அழகான யூனிஃபார்ம். நெற்றியில் பச்சை, அலுங்காமல்.

"எப்படிம்மா இருக்கே? இங்க பொட்டு நாள் முழுக்கவாமே, சமாளிக்கறியா?"

"மொதல்ல ஒரு மாசம் கஷ்டமா இருந்துச்சுங்க சார். நீங்க சொன்னதையே நெனச்சுக்குவேன். இப்பப் பழகிருச்சுங்க. இப்ப நெனச்சுக்கக்கூட வேண்டியதில்லை, தானா வருது." சிரித்தாள். "வாங்க சார், ரவுண்ட்ஸ் போயிட்டே பேசலாம்."

கூடவே நடந்தேன். ஒவ்வொரு கட்டிலிலும் நோயாளியிடம் இரண்டு வார்த்தை பேசி, கையிலிருந்த திரையில் வரைபடத்தில் ஒரு கட்டம், ஒரு அம்பு சேர்த்துக்கொண்டே போனாள். விரல் வேகமாக ஓடியது. எல்லோருக்கும் அவளைப் பிடித்திருந்தது. ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெரியவர், சர்க்கரைக்காகச் சேர்ந்தவர்.

"என்னங்கய்யா, காலைல எப்படி இருக்குது?"

"கை மரமரன்னு இருக்குதும்மா."

"சக்கரை இருந்தா அப்படித்தானுங்கய்யா இருக்கும்," என்று அன்பாகச் சொன்னாள். சர்க்கரையிலிருந்து மரமரப்புக்கு ஓர் அம்பு. மேலே இரண்டு வார்த்தை. புத்தகப்படி அது தப்பே இல்லை. திரையை மூடினாள்.

நான் காத்திருந்தேன். அடுத்த கேள்வியை அவள் கேட்பாள் என்று நின்றேன். நாச்சம்மாள் கட்டிலைச் சுற்றி வந்த பெண்ணாயிற்றே. அவள் அடுத்த கட்டிலைப் பார்க்க நகர்ந்தாள்.

"ஐயா," என்றேன், "எந்தக் கை?"

"சோத்தாங்கைதான் சாமி." அவர் நாக்கு அந்த வார்த்தைகளில் தடுக்கி விழுந்தது. "காலைல இருந்து... டம்ளரைப் பிடிச்சா... நழுவுது."

ஒரு பக்கத்து உதடு லேசாகக் கீழே இறங்கியிருந்தது. எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் என் அப்பா பக்கவாதத்தில் போன விதம் தெரியும். "தன்ஷிகா, இவரைப் பாரு! டாக்டரைக் கூப்பிடு!" என்று கத்தினேன். அவள் திரும்பினாள். பெரியவரைப் பார்த்தாள், கனிவாக. நெற்றியில் ஒரு சுருக்கம் வருகிறதா என்று பார்த்தேன். கடவுளே, ஒரு சுருக்கம், ஒரு மஞ்சளாவது. நான் வராண்டாவுக்கு ஓடினேன். "டாக்டர்! யாராவது வாங்க, டாக்டர்!" என் குரல் எங்கெங்கோ மோதியது. ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிவிட்டேன். தூரத்தில் யாரோ கதவைத் திறந்தார்கள். யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது.

தோளில் ஒரு கை விழுந்தது. தன்ஷிகாதான். பச்சை கொஞ்சமும் மாறவில்லை. என்னைத்தான் கவலையாகப் பார்த்தாள்.

"ஏனுங்க சார் இப்படிப் பதறுறீங்க? உக்காருங்க மொதல்ல. தண்ணி கொண்டு வரட்டுங்களா?"